வேகாத அரிசியின் கணக்கு

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பார்கள். இருட்டோடு எழுந்து, இரண்டு பஸ் மாறி வந்து, மதியம் ஆறிப்போன எலுமிச்சம்பழச் சோற்றைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும் பிரமு என்கிற பிரம்மசக்திக்கு மட்டும் அது இல்லாமல் போகுமா. சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வகுப்பையே சாப்பாட்டைப் பற்றிய வகுப்பாக வைத்த மகராசன் யாரென்று தெரியவில்லை. மேலே மின்விசிறி காற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கீழே அனுப்பிக்கொண்டிருந்தது. எப்சிபா மேடம் கரும்பலகையில் வைட்டமின்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் அது குறைந்தால் வரும் நோயையும் எழுதினார்கள். மனித ஊட்டச்சத்து படிக்க வந்ததிலிருந்து பிரமுவுக்கு வராத நோயே கிடையாது. மாலைக்கண் பாடம் நடந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் போர்டு மங்கலாகத் தெரிந்தது. இரும்புச்சத்து நடந்த வாரம் கண்ணாடி முன் நின்று கீழ் இமையை இழுத்து இழுத்துப் பார்த்து அம்மாவிடம் ஏச்சு வாங்கினாள். பக்கத்தில் இருக்கும் நிஷாவுக்கும் அப்படித்தான், அவளுக்குப் போன மாதம் முழுக்கத் தைராய்டு. இன்றைக்கு ரிபோஃப்ளேவின். வாயின் ஓரங்களில் வெடிப்பு, நாக்கில் புண், உதடு காய்ந்து தோல் உரிதல். பிரமு நாக்கை வாயின் ஓரத்துக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். வெடிப்பு இல்லை, எலுமிச்சையின் புளிப்புதான் இருந்தது. ஆனால் வெடிப்பு இருக்கிற ஒரு வாய் ஓரத்தை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். இன்று காலையில்தான். அடுக்களை விளக்கின் கீழே, டிபன் டப்பாவை மூடிக் கொடுத்த கைக்கு மேலே. அந்த வாய் லேசாகச் சிரித்தபோது ஓரம் பிளந்து சிவப்பாகத் தெரிந்தது. எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்று மதினி சொன்னாள். வெயில் காலம், தாமிரபரணிக் கரையில் இருந்தாலும் வெயில் வெயில்தான், யாருக்குத்தான் உதடு வெடிக்காது. பிரமு கண்ணைக் கரும்பலகைக்குத் திருப்பினாள். திருப்பிய கண் அங்கே நிற்கவில்லை.

மதினி என்றால் அண்ணன் அருணாசலத்தின் மனைவி செண்பகம். அண்ணன் கோயம்புத்தூரில் லாரி ஆபீஸில் இருக்கிறான், மாதம் ஒருமுறை வருவான். அப்பா இல்லை. அம்பாசமுத்திரத்து வீட்டில் அம்மா வேலம்மாள், மதினி, பிரமு, மதினியின் கைக்குழந்தை என்று மூன்றரைப் பேர். குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. ஆணோ பெண்ணோ பசி ஒன்றுதான் என்பதுபோல ராத்திரி பகல் பார்க்காமல் பாலுக்கு அழுவான். அவன் அழுகிற சத்தம் இந்த வகுப்புக்குள்ளேயும் லேசாகக் கேட்பதுபோல இருந்தது, அது மின்விசிறியாகத்தான் இருக்கும். இந்தப் பருவத்தின் முதல் செய்முறைப் பாடம், வீட்டில் ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடுவதை நிறுத்துப் பார்த்து, அதில் எவ்வளவு சத்து இருக்கிறது, அவருக்குத் தேவையானது எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். நிஷாவும் அவளும் சேர்ந்து ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்கினார்கள். அம்மா அதைப் பார்த்ததுமே பதறிவிட்டாள். திங்கிற சோற்றை நிறுத்துப் பார்த்தால் கண்ணு விழுந்துவிடும், உடம்பில் ஒட்டாது, வேண்டாவே வேண்டாம் என்று தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மிச்சம் இருந்தது மதினி. மதினிக்குக் கண்ணு விழட்டும் என்று யாரும் நினைக்கவில்லை, மருமகளைக் கேட்காமலே தலையாட்ட வைத்துவிடலாம் என்பதுதான் விஷயம். மதினி தராசுக்கு முன்னால் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவள்போல உட்கார்ந்தாள். குறைச்சலாகப் போட்டுக்கட்டுமா என்று கேட்டாள். எப்போதும் போலப் போட்டுக்கோங்க மதினி, அப்பத்தான் கணக்கு சரியா வரும் என்று சொன்னவள் பிரமுதான். அந்த வார்த்தையை நம்பி மதினி கரண்டியை மறுபடி பானைக்குள் விட்டாள். பசியோடு இருக்கிறவள் வெட்கப்படாமல் போட்டுக்கொள்கிற அளவுக்குப் போட்டாள். குழம்பையும் ஊற்றினாள், பொரியலையும் வைத்தாள். மூன்று வேளையும் இப்படியே எல்லாவற்றையும் பிரமு தனித்தனியாக நிறுத்து, அட்டவணையில் அரிசி என்று போட்டிருந்த வரியைத் தேடிப் பிடித்து, கால்குலேட்டரில் தட்டினாள். வந்த விடையைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது. மதினி ரெண்டு ஆம்பள சாப்பாடு சாப்பிடுதாவம்மா என்று முற்றத்தைப் பார்த்து வேடிக்கையாகக் கத்தினாள். வேடிக்கைதான். மதினியும்கூடச் சிரித்தாள், கையில் சோற்றோடு.

வாயிலிருந்து விழுந்த வேடிக்கையை யார் எடுத்து எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்று யாருக்குத் தெரியும். அம்மா அதை எடுத்து முந்தியில் முடிந்துகொண்டாள். அம்மா கெட்டவள் இல்லை. புருஷன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் பானையை வழித்துத் தின்று வளர்ந்த உடம்பு அவளுடையது. அந்தக் காலத்து மாமியார் சொன்ன பெருந்தீனிக்காரி என்ற வார்த்தை அவளுக்கு இன்னும் காதில் இருக்கிறது, அதைத் தன் மருமகளுக்குக் கொடுத்துவிட்டால் தன் காது காலியாகும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் சொன்னா மாமியார் கொடுமை, இப்பக் காலேஜுல படிக்கவளே சொல்லுதாளே என்றாள் சொர்ணம் சித்தியிடம். சொர்ணம் சித்தி பக்கத்து வீடு, அவளிடம் சொன்னால் தெருவுக்கே தபால் போட்ட மாதிரி. அண்ணனிடமும் போனில் சொன்னாள். மறுநாளிலிருந்து அரிசி அளந்து போடும் வேலையை அம்மா தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். மூன்று டம்ளர் அரிசி இரண்டு டம்ளர் ஆயிற்று. கூடத் தின்னால் உடம்புக்குத்தான் கேடு, படிச்ச புள்ள சொன்னதைக் கேளு செண்பகம் என்றாள், அக்கறையாகத்தான் சொன்னாள். மதினியின் தட்டில் சோற்று மேடு தரையானது. பிரமு அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், சரி, கொஞ்சம் குறைத்தால் நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். பொய் சொல்வானேன், அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. அந்த வீட்டில் அதுவரை அவள் சொல்லி ஒரு குண்டூசிகூட இடம் மாறியதில்லை. அவளைப் படிக்க வைக்க வேண்டாம், தையல் கிளாஸுக்குப் போகட்டும் என்று அண்ணன் சொன்னபோது, ஒத்தக்காலில் நின்று அனுப்பி வைத்தது அம்மா. அந்த அம்மா, படித்த மகள் போட்ட கணக்கைப் பெருமையாக வாசலில் வைத்துப் பேசினாள். முதல் முறையாக ஒரு வீடு அவள் சொன்னபடி சாப்பிட்டது.

நிஷா முழங்கையால் இடித்தாள். வகுப்பு சிரித்துக்கொண்டிருந்தது. எப்சிபா மேடம் கரும்பலகையை விட்டுவிட்டு, கதை சொல்லும் முகத்தோடு மேசையில் சாய்ந்திருந்தார்கள். தூங்குகிறவர்களை எழுப்புவதற்கு மேடம் கையாளும் வழி அது. போன வருஷம் ஒரு பெண் தன் தாத்தா சாப்பிடுவதை நிறுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாளாம். அவள் கணக்குப்படி பார்த்தால் தாத்தா சங்கரன்கோவில் யானையோடு போட்டி போட்டுச் சாப்பிட்டிருக்கிறார். தாத்தாவோ எலும்பும் தோலும். விசாரித்தால், அந்தப் பெண் வெந்த சோற்றைத் தராசில் வைத்து நிறுத்திருக்கிறாள், அட்டவணையிலோ வேகாத அரிசிக்கு உள்ள எண்ணைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். "ஏம்மா, அரிசிய வேகவெச்சா என்ன ஆகும்? தண்ணியக் குடிச்சுக் குடிச்சு மூணு பங்கா எடை ஏறும். அதுல பாதிக்கு மேல தண்ணிதான். நீங்க தண்ணிக்கும் சேர்த்துல்ல சத்து போட்டு வெச்சிருக்கீங்க," என்று மேடம் சொன்னதும் வகுப்பு மறுபடி சிரித்தது. பிரமுவும் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், தூக்கம் கலைந்த சிரிப்பு. தாத்தாவும் யானையும் பக்கத்துப் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. சிரித்து முடிப்பதற்குள் உள்ளே எதுவோ ஒன்று, சேலை நுனி ஆணியில் மாட்டியதுபோல, பின்னாலிருந்து இழுத்தது. வெந்த சோறு. வேகாத அரிசி. அவள் தராசில் வைத்தது எது. தட்டில் இருந்து ஆவி வந்தது, அது நினைவிருக்கிறது, ஆவி தராசின் கண்ணாடியில் படிந்து எண் மங்கலாகி, பாவாடையால் துடைத்துவிட்டுத்தான் பார்த்தாள். அட்டவணையில் பார்த்த வரி எது. அரிசி, புழுங்கல், கைக்குத்தல். அதற்கு மேலே அரிசி, புழுங்கல், மில்லில் தீட்டியது. சோறு என்று ஒரு வரி அங்கே இருந்ததா. இல்லை. அந்தப் புத்தகத்தில் எங்கேயும் சோறு இல்லை. தானியம் என்ற தலைப்பின் கீழே எல்லாமே வேகாமல்தான் இருந்தது.

நினைப்பு ஓடவில்லை, நின்ற இடத்திலேயே நின்று காலைத் தேய்த்தது. ஒருவேளை வேகவைத்ததற்கு வேறு பக்கத்தில் இருந்து, அவள் அதைத்தான் பார்த்திருப்பாளோ. இல்லை, விரலை வைத்துக்கொண்டு பார்த்தாள், விரலில் குழம்பு ஒட்டி அந்த வரியின் மேல் மஞ்சளாக ஒரு கறைகூட விழுந்தது. ஒருவேளை மதினி உண்மையிலேயே கூடத்தான் சாப்பிட்டிருப்பாளோ. மூன்றாக வகுத்துப் பார். வகுக்க வேண்டாம், வகுத்தால் என்ன வரும் என்று தெரியும். வகுத்தாள். மேடத்தின் குரல் எங்கோ தூரத்தில் பயறு வகைகளுக்கும் இதே விதிதான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. வகுத்த விடை ஒரு ஆம்பள சாப்பாடுகூட இல்லை, ஒரு பொம்பளை சும்மா உட்கார்ந்திருந்தாலே தேவைப்படுவதைவிடக் குறைவு. அதிலும் பால் கொடுக்கிறவள். பால் கொடுக்கிற தாய்க்கு வழக்கமான அளவைவிடக் கூடுதலாகச் சாப்பாடு வேண்டும் என்பது நாலாவது பாடம், அதை அவள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தாள், அதற்கு மார்க்கும் வாங்கியிருந்தாள். ஆக, எப்போதும் போலச் சாப்பிட்டபோதே மதினிக்குப் பத்தவில்லை. அந்தப் பத்தாததில்தான் இவள் ஒரு டம்ளரைக் குறைத்தாள். அம்மா இல்லை, நான். அம்மா கையால் அளந்தாள், அளவைச் சொன்னது நான். காலையில் மதினி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், என்ன மதினி என்றதற்குத் தூக்கம் பத்தல என்றாள். பத்தாதது எது என்று அவளுக்குத் தெரியாதா. போன வாரம் பிள்ளைக்குப் பால் சுண்டிவிட்டது, டப்பாப் பால் வாங்கணும் என்று அம்மா அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதையும் மதினியின் குற்றமாகத்தான் சொன்னாள், இந்தக் காலத்துப் பொம்பளைகளுக்கு நெஞ்சில் பால் எங்கே இருக்கு என்றாள். பிரமு அப்போது எதிரே உட்கார்ந்து பால் சுரப்பு பற்றிய படத்தை வரைந்து பாகங்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். படம் நன்றாக வந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ. எடை குறைந்திருக்குமோ. தூக்கும்போது போன மாதம் இருந்த கனம் இந்த மாதம் இருந்ததா, அவள் எப்போது கடைசியாகத் தூக்கினாள், களைப்பில் வந்து படுப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. மேடத்திடம் போய்ச் சொல்லலாமா. சொன்னால் அடுத்த வருஷம் யானைக் கதையில் தாத்தாவுக்குப் பதில் மதினி வருவாள். மேடம் நல்லவர்கள், பெயர் சொல்லமாட்டார்கள். ஆனாலும் வகுப்பு சிரிக்கும். இப்போது சிரித்தது போலவே, அவளே சிரித்தது போலவே.

மணி அடித்ததும் நிஷா என்னட்டி முகம் செத்துப் போயிருக்கு என்றாள். தலைவலி என்றாள் பிரமு. அது பொய்யும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது, கிடைத்த நாள்தான் தூக்கம் வராது. வெயில் தொடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. வயலும் வாழைத்தோப்பும் பின்னால் போயின, நினைப்பு மட்டும் பஸ்ஸோடே வந்தது. சொல்லாமல் விட்டால் என்ன. அரிசியை மட்டும் எப்படியாவது கூடப் போட வைத்துவிட்டால் போதாதா. புதிதாக ஒரு பாடம் நடந்தது, பால் கொடுக்கிறவர்களுக்குக் கூட வேண்டுமாம் என்று அம்மாவிடம் சொல்லலாம். அதிலும் பொய் இல்லை. பழைய கணக்கு பழைய கணக்காகவே இருக்கும், அதன் மேல் புதிய கணக்கு ஒன்று வந்து உட்காரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பது இதுதான், இதற்குச் சோறும் நிறைய வேண்டும். ஆனால் அம்மா விடுவாளா. ஏற்கெனவே ரெண்டு ஆம்பள சாப்பாடு தின்னவளுக்கு இன்னும் கூடவா என்பாள். அந்த ரெண்டு ஆம்பள என்ற வார்த்தை வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது, அதை எழுப்பினால்தான் வேறு எதுவும் உட்கார முடியும். எழுப்பினால் அம்மா என்ன ஆவாள். தெருவில் சொன்ன வார்த்தையைத் தெருவில்தானே திரும்ப எடுக்க வேண்டும். இதுக்கா உன்னைப் படிக்க அனுப்பினேன் என்று கேட்பாள். அண்ணன் கேட்பான், நான் அன்னிக்கே சொன்னேன்லா என்பான், தையல் கிளாஸ் மறுபடி பேச்சில் வரும். தையலிலும்தான் அளவு தப்பும், ஆனால் தப்பினால் துணிதான் கெடும். பிரமு ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள், கம்பி சுட்டது. முதலில் மதினியிடம் சொல்லிவிடலாம். அதுதான் சரி. மதினி கோபப்படமாட்டாள். மதினி கோபப்படமாட்டாள் என்பதனால்தான் அவளிடம் முதலில் சொல்லலாம் என்று தோன்றுகிறது என்பதும் பிரமுவுக்குத் தெரிந்தது. களைப்பாக இருந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டும்போது, தன் ஊரில் இறங்காமல் இப்படியே பாபநாசம் வரைக்கும் போய்விட்டால் என்ன என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே அம்பாசமுத்திரத்தில் இறங்கினாள்.

வாசலில் அம்மாவும் சொர்ணம் சித்தியும் கீரை ஆய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். பிரமு அவர்களைத் தாண்டி நேரே உள்ளே போனாள். அடுக்களையில் மதினி தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே ராத்திரிச் சமையலுக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அரிசிப் பானை கழுவி வெறுமனே அடுப்பு மேடையில் இருந்தது, அம்மா வந்து அளந்து போட்டபின்தான் அதில் தண்ணீர் விழும். பிள்ளை அழுதுவிட்டுத் தூங்கியிருந்தான், தூக்கத்திலும் உதடு சப்புக் கொட்டிக்கொண்டிருந்தது. பிரமு பையைக்கூட இறக்கவில்லை. இறக்கினால் உட்கார்ந்துவிடுவோம், உட்கார்ந்தால் காபி கேட்போம், காபி குடித்தால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும். நின்றபடியே சொன்னாள். சோற்றை நிறுத்ததையும் அரிசி வரியைப் பார்த்ததையும், தண்ணீரையும், மூன்று பங்கையும், மேடம் சொன்ன தாத்தா கதையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். மதினி பாதியிலேயே தண்ணீரை நிறுத்திவிட்டு ஈரக்கையோடு கேட்டாள். முகத்தில் கோபம் வருகிறதா என்று பிரமு பார்த்தாள், வரவில்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்று வந்தது.

"அப்ப நான் சாப்பிட்டது கூட இல்லையா?"

"இல்ல மதினி. பத்தாது. அன்னைக்கும் பத்தாது."

மதினி தொட்டிலைப் பார்த்தாள். வாயோர வெடிப்பை நாக்கால் தொட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பசிச்சுது பிரமு. ராத்திரி அவன் குடிச்சு முடிச்ச உடனே வயித்தைக் கிள்ளும், எந்திச்சுத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துக்கிடுவேன். பசிச்சது எனக்குத் தெரியும். ஆனா நீ படிச்ச புள்ள, கூடுதல்னு சொல்லிட்டே. சரி, பசியே நமக்குத் தப்பாத்தான் பசிக்குது போலன்னு நெனைச்சிட்டேன்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். பிரமுவுக்கு அழுகை வந்தது. அழுதால் மதினி தேற்ற வந்துவிடுவாள், அந்த வேலையையும் அவள் தலையில் வைக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள். என்னை மன்னிச்சிருங்க மதினி என்று சொல்லிவிட்டு, இத்தோடு ஒரு பாதி முடிந்ததுபோல மூச்சு விட்டாள்.

"அத்தைட்ட சொல்லிட்டியா?" என்றாள் மதினி.

"இன்னும் இல்ல."

"எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு. அரிசி அளக்குதது நான் இல்லல்லா."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள். பிரமு பையோடு வாசலுக்கு வந்தாள். அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு அறைதான், அதற்குள் அவள் மனது இன்னொரு முறை பஸ் ஏறி இறங்கிவிட்டது. சொர்ணம் சித்தி போகட்டும், போனபின் சொல்லலாம். சித்தி போனபின் அம்மா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே வருவாள், டம்ளரை எடுப்பாள். சாப்பிட்டபின் சொல்லலாம் என்று தோன்றும். சாப்பிடும்போது மதினி தட்டு தரையாக இருக்கும். அம்மா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள், மகள் காலேஜிலிருந்து வரும் நேரத்தில் மட்டும் வரும் மலர்ச்சி அது.

"வாட்டி, உன்னையத்தான் நெனைச்சோம். சொர்ணத்துக்குச் சுகர் ஏறிக் கெடக்காம். இவ எவ்வளவு திங்கணும்னு அதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுக் குடு. எங்க வீட்டுல எம் மவதான் போட்டுக் குடுத்தா சொர்ணம்."

சொர்ணம் சித்தி பவ்யமாகச் சிரித்தாள், டாக்டரைப் பார்க்கிற சிரிப்பு. பிரமுவுக்குக் கால் வலித்தது, தோள் வலித்தது. இவ்வளவு களைப்பிலும் ஒருத்தி உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு நினைப்பு கடைசியாக வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

"அந்தக் கணக்கு தப்பும்மா."

"எந்தக் கணக்கு?"

"மதினிக்குப் போட்டது. வெந்த சோத்தை நிறுத்துட்டு வேகாத அரிசிக்கு உள்ளதப் போட்டுட்டேன். மூணுல ஒரு பங்குதான் சரி. மதினி சாப்பிட்டது கூட இல்ல, கொறச்சல். இப்ப நம்ம குடுக்கது அதுலயும் கொறச்சல். பிள்ளைக்குப் பால் பத்தாம போனது அதனாலயும்தான் இருக்கும். தப்பு என் மேலம்மா."

அம்மா கீரைத்தண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். புரியவில்லை என்று சொல்ல முடியாத அளவுக்கு அது எளிய கணக்கு. சோறு பொங்கத் தெரிந்த எவளுக்கும் தெரிந்த விஷயம்தான், அரிசி வெந்தால் பானை நிறையும். சொர்ணம் சித்தி அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று எழுந்துகொண்டாள், அடுப்பில் பால் எதுவும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். செருப்புச் சத்தம் அடுத்த வீட்டுக்குள் போயிற்று. திட்டுவாள் என்று பிரமு நின்றாள். திட்டவில்லை. அம்மாவின் முகம் வயதாகித் தெரிந்தது.

"நாலு பேருட்ட சொல்லிட்டேனேட்டி," என்றாள்.

"அவங்ககிட்டயும் நானே சொல்லுதேன். அண்ணன்ட்டயும் சொல்லுதேன்."

அம்மா ஆய்ந்த கீரையையும் ஆயாத கீரையையும் ஒரே முறத்தில் தள்ளினாள். அப்போது அடுக்களையில் அரிசி டப்பாவின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. வெறும் பானையில் அரிசி விழும் சத்தம், ஒரு டம்ளர். பிறகு இரண்டாவது, அது அரிசியின் மேல் அரிசி விழுவதால் சத்தம் குறைவாக இருந்தது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டில் ஆடுவதுகூட நின்றிருந்தது. அம்மா கழுத்தைத் திருப்பி உள்ளே பார்த்தாள், எதையோ சொல்லப்போகிறவளாக வாயைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல வந்தாளோ, போடு என்று சொல்ல வந்தாளோ. அதற்குள் மூன்றாவது டம்ளர் பானையில் விழுந்தது.